நடுக்காட்டின் முறை

வடுப்பள்ளம் வன நிலையம், செவ்வாய்க் கோள்
எழுதுவது: டாக்டர் கோமளவல்லி, வனவியல்

திங்கள், காலை 6.40

புழுதிக்காலம், ஏழாவது வாரம். விடிந்துவிட்டது என்று கருவி சொல்கிறது. ஜன்னலில் காவி நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. சூரியத் தகடுகள் வழக்கத்தில் கால் பங்கு மின்சாரம்கூடத் தரவில்லை. மேல்காட்டில் வேர்ச்சூடு எட்டு டிகிரி. கீழ்க்காட்டில் ஒன்பது. நடுக்காட்டிலிருந்து தகவல் இல்லை. சனிக்கிழமை இறங்கிய புழுதி மின்னலில் அங்கே வயர்லெஸ் கம்பம் கருகியிருக்க வேண்டும். கருவிகளும் பேச்சும் ஒரே நேரத்தில் நின்றன.

நிலையத்தில் நான் ஒருத்தி. தேயிலை தீர்ந்துவிட்டது. முழங்கால் வலி வழக்கம்போல.

நாட்குறிப்பை விடாமல் எழுத வேண்டும் என்பது பூமியிலிருந்து வந்த உத்தரவு. யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "கண்டெடுக்கிறவர்கள்" என்று பதில் வந்தது. நல்ல ஆறுதல்.

திங்கள், மாலை 5.15

கண்டெடுக்கிறவர்களே, இந்த இடம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மூன்று பள்ளத்தாக்குகள். மூன்றுக்கும் மேலே கூரைத்திரை. உள்ளே மூங்கில், புங்கை, முருங்கை, குளிர் தாங்குகிற மாதிரி வளர்த்தெடுத்தவை. ஒவ்வொரு காட்டின் ஓரத்திலும் ஓர் ஊர். மேல்காடு, நடுக்காடு, கீழ்க்காடு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். மரம் விடுகிற மூச்சில்தான் இவர்கள் மூச்சு விடுகிறார்கள். விறகு, கூரைக்கழி, கீரை, காய் எல்லாம் அந்த மரங்களிலிருந்துதான். வேருக்கடியில் சுடுநீர்க் குழாய் ஓடுகிறது. அது நின்றால் ஒரே வாரத்தில் காடு விறைத்துப்போகும். முப்பது வருஷத்துக் காடு.

குழாய்கள் மூன்றும் என் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. எந்தக் காட்டுக்கு எவ்வளவு சூடு என்று ஓர் இயந்திரம் பங்கு போடுகிறது. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. இங்கே எல்லோரும் கணக்கப்பிள்ளை என்கிறார்கள். நானும்தான்.

என் வேலை, காட்டில் எதற்கு முதலிடம் என்பதை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து முடிவு செய்வது. எந்த மூங்கிலை வெட்டலாம், எதை விதைக்கு விடலாம், குளிரில் எதை முதலில் காப்பது. வந்த புதிதில் ஒவ்வோர் ஊராகப் போய், "உங்க காட்டுல எது முக்கியம்?" என்று கேட்டேன். மேல்காட்டுக்காரர்கள் நடுக்காட்டுப் புங்கையைப் புகழ்ந்தார்கள். நடுக்காட்டுக்காரர்கள் கீழ்க்காட்டு மூங்கிலைப் புகழ்ந்தார்கள். தங்கள் காட்டின் அருமை தெரியாத ஜனங்கள் என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். இவர்கள் தங்களுக்கென்று எதையும் கேட்க மாட்டார்கள் என்பது எனக்கு உறைக்க ஒரு வருஷம் ஆயிற்று.

முதல் தலைமுறையில் காற்றை உருளையில் அளந்து கொடுத்த காலத்தில் வந்த பழக்கமாம். தனக்குக் கேட்டவனை எவனும் நம்பவில்லை. அடுத்தவனுக்குக் கேட்டவனுக்காக ஊரே கேட்டது. இன்றைக்கும் அதே முறை. மேல்காடு நடுக்காட்டுக்குக் கேட்கும். நடுக்காடு கீழ்க்காட்டுக்கு. கீழ்க்காடு மேல்காட்டுக்கு. சுற்றி வந்தால் எல்லோருக்கும் ஆள் இருக்கிறது. அழகான ஏற்பாடு, சத்தியமாகச் சொல்கிறேன். சுற்று அறுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

செவ்வாய், காலை 9.30

கணக்கப்பிள்ளையிடமிருந்து அறிவிப்பு. சேமிப்பு இரண்டு காட்டுக்குத்தான் தாங்கும். வியாழன் மாலை ஒரு காட்டைக் கைவிட வேண்டும். மூன்றுக்கும் குறைத்துக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். மூன்றும் போகும் என்று கணக்கு வந்தது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அதேதான்.

விதிப் புத்தகம் சொல்வது: எந்த ஊரும் தன் காட்டுக்கும் சுற்றில் அடுத்த காட்டுக்கும் மட்டுமே கேட்கலாம். யாராலும் கேட்கப்படாத காடு முதலில் விடப்படும். மூன்றுக்கும் ஆள் கேட்டிருந்தால், எது அதிக மூச்சு தருகிறதோ அது முதலில் காக்கப்படும். விஞ்ஞானிக்குக் குரல் கிடையாது. இந்தக் கடைசி வரியை எழுதிச் சேர்த்தவள் நான். காடு அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது என்று பூமியோடு இரண்டு வருஷம் சண்டை போட்டு வாங்கினேன். பேரில்தான் கோமளம்.

எல்லோரும் கேட்டுவிட்டால் கஷ்டமில்லை. கீழ்க்காடுதான் மூன்றிலும் ஆழம், அடர்த்தி. மற்ற இரண்டு ஊருக்கும் பாதி மூச்சு அங்கிருந்துதான் ஏறுகிறது. அது போனால் அடுத்த கப்பல் வருவதற்குள் எல்லோரும் போய்விடுவோம். இது இங்கே குழந்தைக்கும் தெரியும். நடுக்காடு சின்னது, இளசு. விட வேண்டி வந்தால் அதைத்தான் விட வேண்டும். நடுக்காட்டுக்காரர்களே போன வருஷம் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். விட்டாலும் வீடுகளுக்குச் சூடும் காற்றும் ஓடும். புழுதி அடங்கியதும் ஆட்களை மற்ற இரண்டு ஊரில் ஏற்றிக்கொள்ளலாம்.

எனவே நடுக்காடு பேச வேண்டும். இன்றும் பேசவில்லை.

புதன், காலை 10.05

வயர்லெஸ்ஸில் சபை கூடியது. பேசியதை அப்படியே பதிகிறேன்.

மேல்காட்டுக்குப் பேசுகிறவர் சவரிமுத்து, அறுபது வயது, குழாய் பழுது பார்ப்பவர். "மேக்காட்டுச் சவரிமுத்து பேசுதேன். நடுக்காட்டுக்குக் கேக்கேன். அந்தப் புங்கைய விட்டுறாதீக."

கீழ்க்காட்டுக்குப் பேசுகிறவர் இசக்கியம்மாள். "கீழ்க்காட்டு இசக்கி பேசுதேன். மேக்காட்டுக்குக் கேக்கேன்."

அதன் பிறகு நடுக்காட்டின் முறை. அங்கே இந்த வருஷம் பேச வேண்டியவள் அமலோற்பவம். சவரிமுத்துவின் மகள், நடுக்காட்டில் கட்டிக்கொடுத்தவள். கால் மணி நேரம் காத்திருந்தோம். வெறும் இரைச்சல்.

கணக்கப்பிள்ளை படித்துக் காட்டியது: நடுக்காட்டுக்கு ஆள் உண்டு. மேல்காட்டுக்கு ஆள் உண்டு. கீழ்க்காட்டுக்கு ஆள் இல்லை. கீழ்க்காடு விடப்படும்.

எல்லோருக்கும் எது முதலிடம் என்று தெரியும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அவரவர் முறையில் அவரவர் சரியாகத்தான் பேசினார்கள்.

புதன், பகல் 1.20

இசக்கியம்மாளோடு ஒன்றரை மணி நேரம். எனக்குத் தொண்டை போய்விட்டது.

"இசக்கியம்மா, ஒரே ஒரு வார்த்தை. கீழ்க்காட்டுக்குக் கேக்கிறேன்னு நீங்களே சொல்லிடுங்க. வேற யாரும் வேண்டாம்."

"எங்க காட்டுக்கு நானே கேக்கவா? நல்லா இருக்கே கூத்து! பந்தியில ஒக்காந்து எனக்கு முதல்ல வைன்னு எலய நீட்டவா?"

"பந்தி இல்லம்மா இது. உங்க பிள்ளைங்க உயிர்."

"அது தெரியாமலா இருக்கேன்? தெரியும். ஆனா அது எங்க வாயால வராது டாக்டரம்மா. நான் இன்னைக்குக் கேட்டா, நாளைக்கு அடுத்தவுக அவுகவுகளுக்குக் கேப்பாக. அதுக்கப்புறம் இந்தப் பள்ளத்துல எவன் எவனுக்குக் கேப்பான்? நாங்க எல்லாரும் இதுலதான பொழச்சுக் கெடக்கோம்."

 அந்த அம்மாள் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சல். வயர்லெஸ் செட்டை வைத்துவிட்டு மேசையைக் காலால் உதைத்தேன். முழங்காலுக்கு அது நல்லதில்லை.

புதன், மாலை 4.50

நடுக்காட்டுக்கு வண்டி எடுத்துப் போக முயன்றேன். நிலைய வாசலைத் தாண்டி கொஞ்ச தூரத்திலேயே வண்டியின் வடிகட்டி புழுதியில் அடைத்து நின்றுவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். நடந்தே நடுக்காடு போகலாம் என்றால் உடையில் இருக்கும் காற்று பாதி வழிக்குத்தான் வரும். மேல்காடு என்றால் போய்ச் சேரலாம், மட்டுமட்டாக.

கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். நடுக்காடு, நடுக்காடு, நடுக்காடு. என் குரல் எனக்கே சலித்துவிட்டது.

வியாழன், காலை 8.15

ஒரு வழி இருக்கிறது. நேற்றிலிருந்தே தெரியும். எழுதத்தான் கை வரவில்லை.

முன்பு நான்காவது ஊர் ஒன்று இருந்தது. ஓரக்காடு. நான் வருவதற்கு முந்திய கதை. கூரை கிழிந்து ஊரே போய்விட்டது. போய்விட்டார்கள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வெறும் வீடுகளுக்குக் குளிர்காலம் முழுக்கச் சூடு ஓடியது. அதனால் மற்ற ஊர்களில் கைக்குழந்தைகள் தவறின. அதற்குப் பிறகு ஊர்க்காரர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஓர் ஊர் இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டாம். சபையில் அதன் முறையைப் பக்கத்து ஊர் எடுத்துப் பேசினால் போதும். கணக்கப்பிள்ளைக்கும் அது தெரியும். முறை எடுக்கப்பட்ட ஊரை ஆள் இல்லாத ஊர் என்று பதிந்து, வீட்டுச் சூட்டையும் காற்றையும் நிறுத்திவிடும். சொன்ன வாயே வந்து மாற்றினால்தான் மாறும்.

நடுக்காட்டின் முறையைச் சவரிமுத்து எடுத்துக் கீழ்க்காட்டுக்குக் கேட்டால், கீழ்க்காடு பிழைக்கும். மேல்காடும் பிழைக்கும். எல்லோருக்கும் மூச்சு இருக்கும்.

நடுக்காட்டில் ஆள் இல்லை என்று ஆகிவிடும்.

வியாழன், பகல் 12.40

சவரிமுத்துவிடம் கேட்டேன். 

"எம் மவ அங்கன இருக்கா டாக்டரம்மா. அவ முறைய நான் எடுக்கவா? எடுத்தா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் கேக்குதியளா?"

"தெரிஞ்சுதான் அண்ணாச்சி."

"ரெண்டு பேரப்புள்ளைக."

"தெரியும்."

"அப்போ வேற ஆளப் பாருங்க. எங்கிட்ட இதக் கேக்காதீக."

மேல்காட்டுக்குப் பேசுகிறவர் அவர்தான், இசக்கியம்மாள் எடுத்தால் தன் காட்டுக்கே கேட்டதாகிவிடும். வேறு ஆள் இல்லை. இதற்குள் இசக்கியம்மாளும் செட்டில் வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, எங்க காடு போனாப் போவட்டும். எங்களுக்காவ அமலியச் சாவடிச்சிராதீக. அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்."

"நீ சும்மா இரு இசக்கி. உங்க காடு போனா எங்க மூச்சும் சேந்து போவும். நீ என்ன எனக்கு வழி சொல்லுத?"

"பின்ன நீரு என்ன செய்யச் சொல்லுதீரு?"

"எனக்கென்ன தெரியும்? எனக்கு என்னதான் தெரியும், சொல்லு!"

இரண்டு பேரும் அழுதார்கள். நான் ஒலியைக் குறைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. வெட்கமாக இருந்தது.

வியாழன், மாலை 5.35

சவரிமுத்து தானாகக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, நீங்க படிச்சவிய. மழுப்பாமச் சொல்லணும். எம் மவ இருக்காளா, இல்லையா?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. கம்பம் கருகியது என்பது என் ஊகம். மின்னல் கூரைத்திரையில் இறங்கியிருந்தால் ஊரே போயிருக்கலாம். இறங்காமலும் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் என் கையில் ஆதாரம் இல்லை. கீழ்க்காட்டு வேர்ச்சூடு எண் மட்டும் கண்ணெதிரே மின்னிக்கொண்டிருந்தது. கெடு முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"இருக்க வாய்ப்பில்லை, அண்ணாச்சி. இருந்தா இத்தனை நாள்ல ஒரு சத்தமாவது வந்திருக்கும்."

"சரி" என்றார். அவ்வளவுதான். பிறகு சபைக்குப் பேசுகிற குரலில் பேசினார்.

"மேக்காட்டுச் சவரிமுத்து பேசுதேன். நடுக்காட்டு முறைய நான் எடுக்கேன். கீழ்க்காட்டுக்குக் கேக்கேன்."

கணக்கப்பிள்ளை ஏற்றுக்கொண்டது. கீழ்க்காடு, மேல்காடு காக்கப்படும். நடுக்காடு: ஆள் இல்லாத ஊர்.

"செட்ட மூடுதேன் டாக்டரம்மா. இதுக்கு மூணு நாள் துக்கம். வாய் தொறக்க மாட்டோம். கூப்பிடாதீக."

இசக்கியம்மாளும் மூடிவிட்டாள். துணியைப் போட்டுச் செட்டை மூடி, இணைப்பையும் பிடுங்கிவிடுவார்கள். இரண்டு ஊரிலும் இப்போது நான் கூப்பிட்டால் கேட்க ஒரு காது கிடையாது.

வெள்ளி, காலை 11.00

தூங்கி எழுந்தேன். பன்னிரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறேன், கட்டையைப் போல. கீழ்க்காட்டு வேர்ச்சூடு பத்து. மேல்காடு ஒன்பதரை. சேமிப்பு இறங்குவது நின்றுவிட்டது. மூங்கில் பிழைத்துக்கொள்ளும். எண்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அதை நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது.

பூமிக்கு அறிக்கை அனுப்பினேன். "முன்னுரிமை ஊர்ச் சபையால் முடிவு செய்யப்பட்டது" என்று எழுதினேன். பொய்யில்லை.

பசிக்கவில்லை. முருங்கைக்கீரைப் பொடியைச் சுடுநீரில் கலக்கிக் குடித்தேன்.

சனி, காலை 9.10

நடுக்காடு பேசியது.

அப்படியே பதிகிறேன். 

"…நடுக்காடு பேசுது. நடுக்காட்டு அமலோற்பவம் பேசுதேன். கம்பம் கருகிப் போச்சு. பழைய கம்பியச் சுத்தி ஒண்ணு கட்டியிருக்கோம். நாங்க பேசுறது உங்களுக்குக் கேக்குதான்னு தெரியல. எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. கேக்கும்னு நெனச்சுப் பேசுதேன். எல்லாரும் இருக்கோம். புள்ளைக நல்லாயிருக்கு. எங்க முறை தப்பிப் போச்சு, மன்னிச்சுக்கிடுங்க. கீழ்க்காட்டுக்குக் கேக்குதோம்."

கணக்கப்பிள்ளையின் பதில் திரையில்: நடுக்காடு, ஆள் இல்லாத ஊர். குரல் ஏற்கப்படவில்லை.

அமலி, இருக்கிறாயா, அமலி என்று கத்தினேன். அவளுக்குக் கேட்காது என்று இப்போதுதான் அவளே சொன்னாள். அப்படியும் கத்தினேன்.

சனி, காலை 10.25

மேல்காட்டைக் கூப்பிட்டேன். கீழ்க்காட்டைக் கூப்பிட்டேன். துணிக்கடியில் கிடக்கிற செட்டுகள். சவரிமுத்து வாய் திறந்தால்தான் மாறும். அவர் மகளுக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கணக்கப்பிள்ளையிடம் நானே கேட்டேன். நடுக்காட்டுக்குக் கேட்கிறேன் என்றேன். விஞ்ஞானிக்குக் குரல் இல்லை என்றது. அது நான் எழுதிய வரிதான், எனக்கே திரும்பி வந்தது.

புதன்கிழமை சவரிமுத்து நடுக்காட்டுக்குக் கேட்டதன் பதிவைப் போட்டுக் காட்டினேன். பழைய குரல் செல்லாது என்றது. நடுக்காட்டுக் குழாயின் அடைப்பைக் கையால் திறக்கப் பார்த்தேன். பூட்டை நெம்பினால் மூன்று குழாயும் அடைத்துக்கொள்ளும் என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கைவிட்டேன்.

சனி, காலை 11.05

திரும்பவும் பேசுகிறாள்.

"நடுக்காடு பேசுது. வியாழக்கெழம சாயங்காலத்துலருந்து வீட்டுக் குழாயெல்லாம் சில்லுன்னு கெடக்கு. காத்தும் வரல. என்ன கோளாறுன்னு தெரியல. எல்லாரும் பெரிய வீட்டுல ஒண்ணாக் கெடக்கோம். புள்ளைகள நடுவுல போட்டிருக்கோம். எங்களுக்குன்னு நாங்க கேக்கல. மேக்காட்டுல எங்கப்பா கேப்பாரு. கீழ்க்காட்டுக்குக் கேக்குதோம்."

ஏற்கப்படவில்லை.

அடிப்பாவி, உனக்காகக் கேளேன் ஒரு தடவை! கேட்டாலும் இந்தப் பிசாசு ஏற்காது. இருந்தாலும் கேளேன்.

இருக்க வாய்ப்பில்லை என்று சொன்னது யார்? நான். எண்களை வைத்துக்கொண்டு, எண் இல்லாத இடத்திலும் எண் இருக்கிற மாதிரிக் குரலை வைத்துக்கொண்டு சொன்னேன். அந்த மனுஷர் என்னை நம்பினார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ரெண்டே வார்த்தை.

சனி, பகல் 12.10

மேல்காட்டுக்கு நடக்கப் போகிறேன். மூன்று குழாய்களும் நிலையத்திலிருந்து ஒன்றாகக் கொஞ்ச தூரம் ஓடிப் பிறகு பிரியும். மேல்காட்டுக் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டே போனால் சவரிமுத்துவின் வாசலில் கொண்டுபோய் விடும். வெளியே கண் தெரியாது. கை தெரியும். உடையில் காற்று மட்டுமட்டு. முழங்கால் என்ன சொல்கிறதோ கேட்கப் போவதில்லை.

அந்த மனுஷரைத் தோளைப் பிடித்து உலுக்கி, துணியை எடுத்து எறிந்து, உம் மகள் உயிரோடு இருக்கிறாள், பேசும் என்று சொல்ல வேண்டும். அடிக்கட்டும். திட்டட்டும். முதலில் பேசட்டும்.

செட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போகிறேன். வருவது தானாகப் பதியும். கண்டெடுக்கிறவர்களே, நான் வராவிட்டால் விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேருங்கள். விஞ்ஞானிக்குக் குரல் கொடுங்கள் என்று சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஓர் இடம் வையுங்கள்.

சனி, பகல் 1.45. உடையிலிருந்து குரல் பதிவு

நடக்கிறேன். கையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கையும் சரியாகத் தெரியவில்லை. குழாய் இருக்கிறது. குழாய் இருக்கிறது. பரவாயில்லை.

சனி, பகல் 2.50. உடையிலிருந்து

விழுந்தேன். எழுந்துவிட்டேன். குழாய்கள் பிரிகிற இடம் என்று நினைக்கிறேன். விழுந்தபோது கை விட்டுப்போயிற்று. தடவிப் பிடித்துக்கொண்டேன். அகலம் சரியாக இருக்கிறது. மேல்காட்டுக் குழாய்தான். இதுதான். காற்று பாதிக்குக் கொஞ்சம் மேலே.

சவரிமுத்து அண்ணாச்சி, வந்துகொண்டே இருக்கிறேன், எழுந்து உட்காரும்.

சனி, மாலை 3.55. உடையிலிருந்து

தரை இறங்குகிறது. மேல்காட்டுக்கு ஏறத்தானே வேண்டும்.

கொஞ்சம் மேடு பள்ளம் இருக்கும். நடக்கிறேன்.

கையுறையில் வெப்பமானி இருக்கிறது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று

குழாய் குளிர்ந்து கிடக்கிறது. துளிச் சூடு இல்லை. மேல்காட்டுக் குழாயில் சுடுநீர் ஓட வேண்டும்.

ஐயோ.

இது நடுக்காட்டுக் குழாய். நான் நிறுத்தி வைத்த

திரும்பிப் போய் மற்றதைப் பிடித்தால் காற்று போதாது. நேரே போனாலும் போதாது. கணக்குப் போட்டுவிட்டேன். ரெண்டு தடவை. போதும், நான் போட்ட கணக்கெல்லாம் போதும்.

நேரே போகிறேன். அவளிடமாவது சொல்லலாம். உங்கப்பா மேல் தப்பில்லை, நான்தான், நான்தான் அவரை

தரை இறங்குகிறது. இறங்குகிறது. முழங்கால்

ஞாயிறு, காலை 7.00. தானியங்கிப் பதிவு. நிலையத்தில் ஆள் இல்லை

சேமிப்பு சீராக உள்ளது. கீழ்க்காடு வேர்ச்சூடு பத்தரை. மேல்காடு பத்து. பெறப்பட்ட குரல் ஒன்று. ஊர்: நடுக்காடு. ஏற்கப்படவில்லை. பதிவு கீழே.

"…நடுக்காடு பேசுது. அமலி. …புள்ளைக ரெண்டும் தூங்குது, எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குதுக. …கீழ்க்காட்டுக்குக் கேக்குதோம். …டாக்டரம்மா, இருக்கியளா? கீழ்க்காடு பச்சையாத்தான இருக்கு? …எங்கப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க. எங்களுக்குக் கேட்டுட்டாரான்னு…"